எடையைத் தண்ணீரிடம் கேளுங்கள்

தேனி, கம்பம் பள்ளத்தாக்குத் தூண்டில்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களே, தம்பிமார்களே,

லோயர் கேம்பிலிருந்து வீரபாண்டி வரை முல்லையாற்றங்கரையில் நிற்கிறவர்கள், மீறுசமுத்திரம் கண்மாய்க் கரையில் குடையை ஊன்றி உட்காருகிறவர்கள், வைகை அணை நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் முறையாக அனுமதி பெற்றுத் தூண்டில் வீசுகிறவர்கள் எல்லாருக்கும் இந்த மடல். மூங்கில் கம்பில் நரம்பைக் கட்டி வருகிறவருக்கும், மதுரையில் ராடும் ரீலும் வாங்கி வந்தவருக்கும் இதில் வேறுபாடு கிடையாது.

நாம் கரையில் கூடினால் பேச்சுக்குப் பஞ்சமில்லை. எந்த நம்பர் முள், மண்புழுவா மைதாவா, எந்தக் கம்பெனி ரீல், யார் எத்தனை கிலோ கட்லா எடுத்தார் என்று பொழுது போய்விடும். ஈயத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. கடையில் கண்ணாடி டப்பாவில் கிடக்கிற குண்டில் கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு வருகிறோம். ஆறானாலும் அணையானாலும் அதே குண்டுதான். புதிதாக வருகிற தம்பி கேட்டால், "தூரமாப் போகணும்ல, பெருசாப் போடுப்பா" என்று ஒரே வரியில் பாடத்தை முடித்துவிடுகிறோம்.

அந்தப் பாடம் தப்பு என்று சொல்லத்தான் எழுதுகிறேன். எடைக்கு ஒரு வேலைதான் உண்டு. மீன் மேய்கிற ஆழத்தில் இரையை இயல்பாக இருக்க வைப்பது. அந்த வேலைக்கு வேண்டியதைவிடக் கூடினால், சின்னக் கடி கைக்குத் தெரியாது. பாறை இடுக்கில் போய் உட்கார்ந்துவிடும். இரையை வாயில் வாங்கிய மீன் கனத்தை உணர்ந்து துப்பிவிடும். குறைந்தால் இரை மீனின் தலைக்கு மேலே மிதந்துகொண்டிருக்கும், அல்லது நீரோட்டம் அதைக் கரைக்கே திருப்பிக் கொண்டுவந்துவிடும். வேண்டிய அளவு எவ்வளவு என்பதைக் கடைக்காரர் சொல்ல முடியாது, பக்கத்தில் நிற்கிறவரும் சொல்ல முடியாது. ஆழமும் ஓட்டமும்தான் சொல்லும்.

இதைக் கணக்காகவே வைத்திருக்கிறவர்கள் உலகத்தில் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 'வால்ஐ' என்று ஒரு மீன். மின்னசோட்டா மாநிலம் 1965-இலேயே அதைத் தன் மாநில மீனாக அறிவித்தது. மங்கிய வெளிச்சத்திலும் நன்றாகப் பார்க்கும் கண் அதற்கு. பகலில் பெரும்பாலும் தரையை ஒட்டியே கிடக்கும். அதைப் பிடிக்கப் படகை நடக்கிற வேகத்துக்கும் குறைவாக ஓட்டிக்கொண்டு, சுழலும் தகடும் மணியும் கோத்த ஸ்பின்னரைப் பின்னால் இழுத்துப் போவார்கள். இதற்கு ட்ரோலிங் என்று பெயர். ஸ்பின்னருக்கு முன்னால் ஒரு வளைந்த கம்பி. அதன் கால் தரையைத் தொட்டுத் தொட்டுப் போகும், நடுவில் ஈயம் இருக்கும். கல் வந்தால் கம்பி சாய்ந்து தாண்டிவிடும், முள் மாட்டாது.

அங்குள்ளவர்களின் கைக்கணக்கு எளிது. படகு மணிக்கு ஒரு மைல் வேகத்தில் போனால், 10 அடி ஆழத்துக்கு ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம். 20 அடிக்கு இரண்டு அவுன்ஸ். சரியா என்று பார்க்க நரம்பின் சாய்வைக் கவனிப்பார்கள். அது தண்ணீருக்குள் 45 டிகிரி அளவில் இறங்க வேண்டும். நேர்குத்தாக இறங்கினால் எடை கூடிவிட்டது. மட்டமாகப் படுத்துப் போனால் குறைந்துவிட்டது. எறிகிற தூரம் அந்தக் கணக்கில் எந்த இடத்திலும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம்மிடம் ஏது மோட்டார் படகு என்று கேட்பீர்கள். படகு நமக்குத் தேவையே இல்லை. படகு நகர்ந்து தண்ணீர் நின்றாலும், தண்ணீர் நகர்ந்து நாம் கரையில் நின்றாலும் நரம்பின் மேல் விழுகிற இழுப்பு ஒன்றுதான். முல்லையாறு நமக்காக இரவும் பகலும் ட்ரோலிங் செய்துகொண்டிருக்கிறது. அதன் வேகத்தை அறிந்துகொள்வது மட்டும்தான் நம் பாடு.

அந்த வேகம் ஒரு நிலையில் நிற்காது. 1895-இல் பொறியாளர் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து வருகிற தண்ணீர், லோயர் கேம்ப் மின்நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஆறாக ஓடுகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு, அணையில் நீர் இருக்கிற ஆண்டில் ஜூன் 1-ஆம் தேதி ஷட்டரைத் திறப்பார்கள். வழக்கமாகப் பாசனத்துக்கு 200 கன அடி, குடிநீருக்கு 100 கன அடி. தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் அதே ஆற்றில் ஆயிரம் கன அடிக்கு மேல் ஓடும். உத்தமபாளையத்தில் நீங்கள் ஜூன் முதல் வாரம் போட்ட எடை, ஆகஸ்டில் அதே கல்லின் மேல் நின்று போட்டாலும் வேலை செய்யாது. "இந்த இடத்துக்கு இந்தக் குண்டு" என்று யாராவது சொன்னால், எந்தத் தேதியில் என்று திருப்பிக் கேளுங்கள்.

வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். கரையோரமாகப் பத்து மீட்டர் நடந்து இரண்டு முனையிலும் ஒரு கல்லை வையுங்கள். மேல்முனையில் ஒரு தேங்காய் மட்டைத் துண்டைப் போட்டு, கீழ்முனைக்கு வர எத்தனை நொடி என்று செல்போனில் பாருங்கள். 22 நொடி என்றால் அதுதான் மணிக்கு ஒரு மைல். அந்த இடத்தில் ஆழம் ஐந்து அடி என்றால் 14 கிராம் போதும். ஐந்து அடி ஆற்றில் நம்மில் பலர் போடுகிற குண்டை ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள், நான் எதற்கு இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்பது புரியும்.

மட்டைத் துண்டு 11 நொடியில் வந்துவிட்டால்? வேகம் இரண்டு மடங்கு. ஆனால் தண்ணீரின் இழுப்பு நான்கு மடங்கு ஆகிவிடும். வேகத்தின் வர்க்கமாக இழுப்பு ஏறும் என்பது பள்ளிக்கூட இயற்பியல். அதே சாய்வு வேண்டுமானால் 14 கிராம் 56 கிராம் ஆக வேண்டும். அதைப் போட்டு ராடை முறிக்க வேண்டாம். அப்படிப்பட்ட நாளில் எடையைத் தொடாமல் மூன்று காரியம் செய்யலாம். முதலாவது, நரம்பை மெலிதாக்குங்கள். 0.40 மி.மீ. நரம்பை 0.20 ஆக்கினால் நரம்பின் மேல் விழும் இழுப்பு பாதியாகும். இரண்டாவது, ஓட்டத்துக்கு எதிராக, சற்று மேல்பக்கமாக வீசுங்கள். இரை தரைக்கு இறங்க நேரம் கிடைக்கும். மூன்றாவது, ஓட்டத்தை விட்டு ஒதுங்குங்கள். பாறையின் பின்பக்கம், பாலத்தூணின் நிழல், ஆறு திரும்புகிற வளைவின் உட்பக்கம் ஆகிய இடங்களில் தண்ணீர் தயங்கும். வெள்ளம் கூடிய நாளில் மீனும் அங்கேதான் ஒதுங்கும். சக்தியை வீணடித்து நடு ஓட்டத்தில் நிற்க மீனுக்கு என்ன தலையெழுத்து?

ஆழத்தை அளக்கவும் நம் ஊரிலேயே வழி உண்டு. பள்ளத்தாக்கு முழுக்கத் தோட்டக் கிணறுகள். நீர்மட்டத்திலிருந்து தரை எத்தனை அடி என்று தோட்டக்காரருக்குத் தெரிந்த கிணறு ஒன்றில், உங்கள் எடையை நரம்பில் கட்டித் தளரவிட்டு, தரை தட்டும்வரை எண்ணுங்கள். ஒரு எண்ணிக்கைக்கு எத்தனை அடி இறங்குகிறது என்று தெரிந்துவிடும். பிறகு கண்மாயிலோ அணையிலோ அதே எடையை வீசி, நரம்பு தளரும்வரை எண்ணினால் ஆழம் கையில் கிடைக்கும். வைகை அணைக்கு இன்னொரு வசதியும் உண்டு. 1959-இல் திறந்த அந்த அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. கோடையில் மட்டம் இறங்கும்போது ஓரத்துத் தரை வெளியே வந்து கிடக்கும். மழைக்காலத்தில் எங்கே வீசப்போகிறீர்களோ, அங்கே கோடையில் காலாற நடந்து பாருங்கள். மேடு எது, பள்ளம் எது, கருவேல வேர் எங்கே பிடித்துக்கொள்ளும் என்பதெல்லாம் புத்தகத்தைத் திறந்து வைத்த மாதிரி தெரியும். தினசரியில் வருகிற அணை மட்டத்தோடு அதைச் சேர்த்துப் பார்த்தால், எந்த மேட்டின் மேல் இன்று எத்தனை அடி தண்ணீர் என்பதை வீட்டிலிருந்தே சொல்லலாம்.

இனி எந்த மீனுக்கு எப்படிக் கோப்பது என்பதற்கு வருகிறேன். பதில் மீனின் வாயிலேயே இருக்கிறது. கட்லாவின் வாய் மேல்நோக்கி இருக்கும். அது மேல்மட்டத்தில் மேய்கிற மீன். ரோகு நடுமட்டம். மிர்காலின் வாய் கீழ்நோக்கி இருக்கும். அது தரையைக் கிளறித் தின்கிறது. மூன்றும் வடக்கத்தி ஆறுகளிலிருந்து கொண்டுவந்து நம் அணைகளில் விடப்பட்ட மீன்கள். ஒரே தண்ணீரில் ஒன்றின் சாப்பாட்டில் மற்றொன்று கை வைக்காமல் வளரும் என்பதால்தான் மூன்றையும் சேர்த்து வளர்க்கிறார்கள். இதை மீன்வளத் துறை அறிந்த அளவுக்கு நாம் அறியவில்லை. கட்லா வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கனத்த ஈயத்தைக் கட்டி இரையைத் தரையில் புதைத்துவிட்டு, "இன்னைக்குக் கடியே இல்ல" என்று எழுந்து போகிறவர் எத்தனை பேர்!

கட்லாவுக்குத் தக்கை வேண்டும். தக்கைக்குக் கீழே நான்கைந்து அடியில் இரை தொங்கட்டும். எடை என்பது தக்கையை நிமிர்த்தி நிறுத்துகிற அளவுதான். நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். பாதித் தக்கை வெளியே நின்றால், அதை இழுத்து அமிழ்த்த வேண்டிய பாரம் மீனின் தலையில் விழுகிறது. ரோகுக்கும் இதே கோப்பு, இன்னும் ஆழமாக.

மிர்காலுக்கும் கெளுத்திக்கும் தரைக் கோப்பு. இங்கே குண்டை நரம்பில் முடிச்சுப் போட்டுக் கட்டுகிற வழக்கத்தை விடுங்கள். நடுவில் துளையுள்ள எடையை நரம்பில் ஓடுகிற மாதிரி கோத்து, ஒரு பாசிமணி, அதற்கு அடுத்து ஒரு ஸ்விவல் (சுழலும் இணைப்பு), அதன் மறுமுனையில் ஒன்றரை அடி மெல்லிய நரம்பும் முள்ளும். மீன் இரையை எடுத்துக்கொண்டு நகரும்போது நரம்பு துளைக்குள் ஓடும்; எடை தரையிலேயே கிடக்கும்; மீனுக்குக் கனம் தெரியாது, நமக்குக் கடி தெரியும். ஓடுகிற ஆற்றில் தட்டையான எடை நிற்கும், உருண்டை உருளும். இரை ஒரே இடத்தில் கிடக்க வேண்டுமா, தரையைத் தடவிக்கொண்டு போக வேண்டுமா என்பதை முடிவு செய்துவிட்டு வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஜிலேபிதான் நம்மில் பெரும்பாலோருக்கு அன்றாடச் சோறு. 1952-இல் இந்தியாவுக்குள் வந்த மீன், இன்று குட்டை கண்மாய் எதையும் விட்டுவைக்கவில்லை. ஓரத்தில், ஆழமில்லாத இடத்தில் மேயும். இரையை உறிஞ்சிப் பார்த்துத் துப்புவதில் கெட்டிக்காரன். இதற்குச் சின்னத் தக்கை, சின்ன எடை. எடையையும் ஒரே இடத்தில் குவிக்காமல் பிரியுங்கள். முக்கால் பங்கை நரம்பின் நடுவில் வைத்து, மீதியை முள்ளுக்கு ஒரு சாண் மேலே வையுங்கள். கடைசி ஒரு சாண் நரம்பு இயல்பாக இறங்கினால்தான் ஜிலேபி நம்பும்.

விராலுக்கு எடையே வேண்டாம். காற்றைக் குடிக்க அடிக்கடி மேலே வருகிற மீன் அது. தாமரை இலைக்கும் பாசிக்கும் நடுவில் கிடக்கும். ரப்பர்த் தவளையை எடையில்லாமல் பாசியின் மேல் தத்தவிட்டால் போதும். எடை கட்டினால் பாசியைத்தான் இழுத்துக்கொண்டு வருவீர்கள்.

ஸ்பின்னர் வாங்கி வைத்திருக்கிற தம்பிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஸ்பின்னருக்கு விராலும் வாளையும் வரும். கட்லாவும் மிர்காலும் வரும் என்று காத்திருக்காதீர்கள். தகட்டின் வடிவம்தான் எடையைத் தீர்மானிக்கும். வட்டத் தகடு மெதுவான இழுப்பிலேயே சுழலும், ஆனால் தண்ணீரை அதிகம் தள்ளுவதால் மேலே எழும்பப் பார்க்கும். அதற்கு எடை சற்றுக் கூட வேண்டும். வேப்பிலை போல நீண்ட தகட்டுக்கு வேகம் வேண்டும், எடை குறைத்துக்கொள்ளலாம். கலங்கல் தண்ணீரில் அதிர்வு அதிகம் தருகிற வட்டம், தெளிந்த தண்ணீரில் நீளம். எடையை ஸ்பின்னரோடு ஒட்டிக் கட்டாதீர்கள். இரண்டு மூன்று அடி முன்னால் வைத்து, நடுவில் ஸ்விவல் போடுங்கள். ஸ்விவல் இல்லாவிட்டால் தகட்டோடு சேர்ந்து நரம்பும் முறுக்கிக்கொண்டு, பத்து வீச்சில் ரீல் முழுக்கச் சிக்காகிவிடும். முல்லையாற்றில் குறுக்காக வீசி, இழுக்காமல் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். ஓட்டமே ஸ்பின்னரை வில்போல வளைத்துக் கரைக்குக் கொண்டுவரும். வால்ஐ பிடிக்கிறவர்கள் பெட்ரோல் ஊற்றிச் செய்கிற வேலை அதுதான்.

கல்லும் பாறையுமாகக் கிடக்கிற ஆற்றுத் தரைக்கு அவர்களுடைய வளைந்த கம்பியையும் நாம் செய்துகொள்ளலாம். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்று போதும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் மடக்கி, மடிப்பில் ஒரு சின்ன வளையம் போட்டு, அதில் நரம்பைக் கட்டுங்கள். குட்டைக் கையின் நுனியில் ஸ்விவலும் ஸ்பின்னரும். நெட்டைக் கால் தரையை நோக்கித் தொங்கும். அதன் நடுவில் எடை. கால் கல்லைத் தட்டித் தட்டி வருவது ராடு வழியாகக் கைக்குத் தெரியும். தட்டல் இடைவிடாமல் வந்தால் நரம்பைச் சுருக்குங்கள். தட்டலே இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் விடுங்கள்.

இதுவரை பெரும்பாலும் எடை என்றே சொல்லி வந்தேன். ஈயம் என்ற சொல்லைக் குறைத்ததற்குக் காரணம் உண்டு. இந்த மடலின் முக்கியமான கோரிக்கையே அதுதான்: ஈயத்தை விட்டுவிடுங்கள்.

ஈயம் நஞ்சு. இந்த அளவுவரை உடம்பில் இருக்கலாம் என்று பாதுகாப்பான அளவு எதுவும் ஈயத்துக்கு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். நாமோ சின்ன ஈயத்தைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்குகிறோம்; அதே விரலால் வடையை எடுத்துத் தின்கிறோம். பழைய பேட்டரித் தட்டை வீட்டுக் கொல்லையில் உருக்கி அச்சில் ஊற்றுகிறவர்களும் உண்டு. அந்தப் புகை சமையலறைக்குள் போகிறது, பிள்ளைகள் விளையாடுகிற மண்ணில் படிகிறது. இங்கிலாந்தில் தூண்டில் ஈயத்தை விழுங்கி அன்னப்பறவைகள் செத்ததால், 1987-இல் 28 கிராமுக்கு உட்பட்ட ஈய எடைகளுக்குத் தடை வந்தது. நம் வைகையோ மதுரை மாநகரம் குடிக்கிற தண்ணீர். அதன் தரையில் நாம் ஆண்டு முழுக்க ஈயத்தை விதைத்துக்கொண்டிருப்பது நியாயமா?

ஈயத்தை விட்டால் எடை போதாது என்பது வெறும் பழக்கத்தின் பயம். கணக்கைப் பாருங்கள். தண்ணீருக்குள் எந்தப் பொருளும் தான் இடம்பிடித்த தண்ணீரின் எடையை இழக்கும். 30 கிராம் ஈயம் தண்ணீருக்குள் 27 கிராம் சொச்சம் நிற்கும். 30 கிராம் இரும்பு 26 கிராம் சொச்சம் நிற்கும். வித்தியாசம் ஒரு கிராம் அளவுதான். ஆற்றுக் கருங்கல்கூட மோசமில்லை. 50 கிராம் கல் தண்ணீருக்குள் 31 கிராம் நிற்கும். இரும்பு சற்றுப் பெரிதாக இருப்பதால் ஓட்டம் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும், அவ்வளவே.

இரும்பு நம் ஊரில் எந்த ஒர்க் ஷாப்பிலும் கிடக்கிறது. மெக்கானிக்கிடம் 13 ஸ்பேனர், 17 ஸ்பேனர், 19 ஸ்பேனர் நட்டு என்று கேளுங்கள். ஏறத்தாழ 5, 11, 17 கிராம். இந்த மூன்றையும் கலந்து கோத்தால் 5-லிருந்து 33 வரை பல எடைகள் வந்துவிடும். துளை ஏற்கெனவே இருப்பதால் ஓடுகிற எடையாகவும் உதவும். நட்டின் விளிம்பு நரம்பை அறுக்காமலிருக்க, தீர்ந்துபோன பேனா ரீஃபில் குழாயை வெட்டித் துளைக்குள் செருகி அதன் வழியே நரம்பை விடுங்கள். ஜிலேபிக்கு வேண்டிய பொடி எடைக்கு, மோட்டார் ரீவைண்டிங் கடையில் வெட்டிப்போட்ட தாமிரக் கம்பியை நரம்பில் நாலு சுற்றுச் சுற்றினால் போதும். கூட்டவும் குறைக்கவும் ஈயத்தைவிட எளிது. வீட்டில் தராசு இல்லையென்றால் பத்து ரூபாய் நாணயம் இருக்கிறது, ஒன்று 7.7 கிராம், நாலு சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு அவுன்ஸ்.

அடுத்தது, எடை மாட்டிக்கொள்கிற நேரம். பாறையில் மாட்டினால் நாம் நரம்பைக் கையில் சுற்றி இழுத்து அறுக்கிறோம். அறுந்த இடத்துக்குக் கீழே முள், ஸ்விவல், பல அடி நரம்பு எல்லாம் ஆற்றிலேயே கிடக்கிறது. நைலான் மக்காது. அதில் நீர்க்காகமும் ஆமையும் சிக்கும், குளிக்க இறங்குகிற பிள்ளையின் காலும் சிக்கும். இதற்கு ஒரு எளிய வழி: எடையை மட்டும் தனியாக ஒரு மெல்லிய பருத்தி நூலில் கட்டுங்கள். மாட்டினால் அந்த நூல்தான் முதலில் அறும். போவது ஒரு நட்டு அல்லது ஒரு கல். முள்ளும், முள்ளில் மீன் இருந்தால் மீனும் கைக்கு வந்துவிடும். கருவேல வேர் மண்டிய இடத்தில் நட்டையும் விட்டுவிட்டு, கரையில் கிடக்கிற கல்லையே சைக்கிள் ட்யூப் துண்டில் இறுக்கி, நூலில் கட்டிப் போடுங்கள்.

கடைசியாகச் சட்டமும் பாதுகாப்பும். மேகமலை, பெரியாறு வனப்பகுதி ஓடைகளில் தூண்டிலை எடுக்கவே கூடாது. அவை புலிகள் காப்பகங்கள். அணைகளிலும் ஏலம் போன கண்மாய்களிலும் உரிமைக்காரரின் அனுமதி இல்லாமல் வீசக் கூடாது. தோட்டாவும் விஷமும் போட்டு மீன் பிடிப்பது 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். யாராவது செய்தால் கண்டுகொள்ளாமல் போகாதீர்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்புக்கு 2000-ஆம் ஆண்டிலிருந்தே தடை உண்டு. மாட்டினால் திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள், நம் மீன்களை அது தின்றுவிடும். மற்ற மீன்களில் குஞ்சு மாட்டினால் உடனே விட்டுவிடுங்கள்.

லோயர் கேம்பில் மின்னுற்பத்தி கூடினால் ஆறு சட்டென்று ஏறும். நடு ஆற்றுப் பாறையில் நின்று வீசுகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. தடுப்பணைகளின் அடியில் சுழல் இருக்கும். மாட்டிய முள்ளை எடுக்க அங்கே இறங்காதீர்கள். வைகை அணை 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. மூன்றாவது எச்சரிக்கை வந்த பிறகு அணைக்குக் கீழே ஆற்றுக்குள் நிற்கிறவருக்கு எந்த எடையும் உதவாது.

எனவே நான் கேட்பது நான்கு காரியம். வீசுவதற்கு முன் ஓட்டத்தையும் ஆழத்தையும் அளந்துவிட்டு, வேலைக்குப் போதுமான மிகக் குறைந்த எடையைப் போடுங்கள். ஈயத்துக்குப் பதில் நட்டும் கல்லும் பழகுங்கள். எடையைப் பருத்தி நூலில் கட்டுங்கள். அறுந்த நரம்பை, அது உங்களுடையதாக இல்லாவிட்டாலும், சுருட்டிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கரையில் இனி ஒரு தம்பி வந்து "எவ்வளவு கனம் போடணும்ணே?" என்று கேட்டால், ஒரு மட்டைத் துண்டை எடுத்து அவன் கையில் கொடுத்து, ஆற்றில் போட்டு எண்ணச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்,
உத்தமபாளையம்.